மேலே வைத்த பொட்டலம்

அந்தச் சனிக்கிழமை மதியம் ரொட்டிக் கடையின் பின்னறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பேச்சு எந்தப் பக்கம் சாய்ந்தது, ஏன் சாய்ந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

மாவு பிசையும் நீள மேசையின் தலைமாட்டில் முதலாளி. மேசையைத் துடைத்து பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தார்கள். இருந்தாலும் அவர் முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் என்பதால் கடை ஆட்களுக்கும் அவர் டீச்சர்தான். இடப்பக்கம், வீட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த கைவைத்த நாற்காலியில் போதகர். முதலாளியின் மகன் ஐஸ் பெட்டியின் மூடிமேல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, எந்த நேரமும் எழுந்து போகிறவன்போல இருந்தான். அடுப்பு மாஸ்டர் மாவு மூட்டையின் மேல், எல்லாருக்கும் முதுகைக் காட்டி, அடுப்புக் கதவைப் பார்த்தபடி. தட்டுக் கழுவுகிற அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள், கழுவு தொட்டிக்கும் பின்கதவுக்கும் நடுவில். அவளுக்கு ஸ்டூல் ஒன்று இருந்தது. உட்காரச் சொல்லவும் செய்தார்கள். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டியை ஒட்டிய சுவரோரம், ஆள் இல்லாமல் ஓர் இடம் கிடந்தது. அங்கே உட்காருகிற தொப்பிக்காரர் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொண்டை வெந்துபோயிருந்தது. பிழைப்பாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்'தான் இத்தனை பேரையும் வேலை நேரத்தில் உட்கார வைத்திருந்தது.

சாயங்காலம் போலீஸ்காரர் வருவார். வெள்ளிக்கிழமை ஒருமுறை வந்து தொட்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "யார் ஊத்துனது, யார் ஊத்தச் சொன்னது, ரெண்டையும் யோசிச்சு வைங்க. எழுதி வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் போயிருந்தார்.

ஊற்றுகிற விஷயம் இதுதான். கடையில் அன்றன்றைக்கு மீந்த ரொட்டியை, பன்னை, உடைந்த ரஸ்க்கை எல்லாம் ஒரு மூட்டையில் போட்டு, மேலே பினாயில் ஊற்றி, அப்புறம்தான் பின்கதவு வழியாகத் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். கடையைத் திறந்த புதிதில் அப்படி இல்லை. மீந்ததை அப்படியே வைப்பார்கள், நாலைந்து பேர் வந்து எடுப்பார்கள். பிறகு நாலைந்து பேர் ஒரு கூட்டமானது. கூட்டம் நேரத்தோடே வந்து உட்கார்ந்தது. முன்பக்கம் கேக் வாங்க வருகிற பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். "சாயங்காலம் பின்னால சும்மா கிடைக்கும்னா, காலைல முன்னால எவன் காசு குடுப்பான்?" என்று முதலாளி கேட்டார். கேட்ட கையோடு ஒரு தாளில் எழுதி, கழுவு தொட்டிக்கு மேலே ஒட்டினார். 'மீந்ததை எண்ணு. மூட்டையில் போடு. பினாயில் ஊற்று. பிறகு வெளியே வை.' வேதவசனக் காலண்டருக்குப் பக்கத்திலேயே அந்தத் தாள். அவருடைய தம்பி வேறு ஊரில் கடை போட்டபோது, அதே கையெழுத்தில் அதே நாலு வரியை எழுதிக் கொடுத்து அனுப்பினார். தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன் இதையும் சொல்லிக் கொடுத்தார்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. சபைக் கூரைக்குத் தகடு அவர் கொடுத்தது. பண்டிகைக்கு விதவைகள் சங்கத்துக்குப் போகிற கூடை டீச்சர் கையால் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு வைக்கிற அப்பமும் இந்த அடுப்பிலிருந்துதான் போகும், சனிக்கிழமை மதியம் சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி. கூட்டம் கலைந்துபோன பிறகும் தொப்பிக்காரர் மட்டும் போகவில்லை. அவர் எதையும் கேட்பதும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குத் தொப்பியைத் தொட்டு ஒரு தலையசைப்பு. முதலாளியும் வண்டியை எடுக்கும்போது பதிலுக்குத் தலையசைப்பார்.

"அப்பம் போடவா, வேண்டாமா?" என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

போதகர் முதலாளியைப் பார்த்தார்.

"உங்களத்தான் பாஸ்டர். மாவு பொங்கி நிக்குது. இந்தப் புழுக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் விட்டா புளிச்சு வழிஞ்சிடும். இவங்க கணக்குத் தீர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு மாவுகிட்ட நான் சொல்ல முடியாது."

வானம் காலையிலிருந்தே மூடி போட்ட சட்டிபோல இருந்தது. மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயசுக்காரர். இந்தச் சபைக்கு வந்து அதிக நாளாகவில்லை. தலைக்கு மேல் இருக்கிற கூரை யார் கொடுத்தது என்று வந்த அன்றைக்கே அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"போடுங்க மாஸ்டர்" என்றார். பிறகு, "போடறதைப் போடுங்க. எடுத்துட்டுப் போறதை நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

"அது சரி. சுடறது என் பாடு, யோசிக்கறது உங்க பாடு." மாஸ்டர் எழுந்து தட்டை உள்ளே தள்ளினார். அனல் ஒருமுறை அறைக்குள் வந்துபோனது.

மகன்தான் ஆரம்பித்தான். "வக்கீல்கிட்ட பேசிட்டேன். இது ஒரு கைத்தவறுதான்னு சொல்றார். பினாயில் கேனும் தட்டுக் கழுவற காஸ்டிக் கேனும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. அக்கா மாத்தி எடுத்துட்டாங்க. அவ்வளவுதான். வேணும்னு செஞ்சதில்லையே. சின்ன அபராதத்தோட முடிஞ்சிடும்."

"யாருக்கு முடிஞ்சிடும்?" என்றார் மாஸ்டர்.

"எல்லாருக்கும்தான்."

"எனக்கு எதுவும் ஆரம்பிக்கவே இல்லையே தம்பி. நான் அடுப்பப் பாத்துக்கிட்டு இருக்கறவன்."

"மாஸ்டர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அவர் குரல் பிள்ளைகளிடம் பேசுகிற குரலாக இருந்தது. "உன்னைக் கைவிட்டுடுவோம்னு நினைக்காத. வக்கீல் செலவு எங்களோடது. உன் பொண்ணுங்க படிப்ப நாங்க பாத்துக்கறோம்."

"இத்தனை நாளும் பாக்க வேண்டாம்னு யாராச்சும் தடுத்தாங்களா டீச்சர்?" என்றாள் அக்கா.

சத்தமே இல்லாமல், பாத்திரம் எங்கே வைக்கட்டும் என்று கேட்கிற தொனியில்தான் கேட்டாள். டீச்சர் முகம் சிவந்தது. மாஸ்டரின் முதுகு லேசாகக் குலுங்கியது.

"சொல்லிடறேன்" என்றாள் அக்கா அடுத்தபடியாக. "நான்தான்னு சொல்லிடறேன். அதுக்கு வக்கீல் வேண்டாம், படிப்பும் வேண்டாம். என்னாலதான அவரு தின்னாரு."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் போதகர். "பின்னால கிடந்ததை அவரா எடுத்துத் தின்னார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவரா எடுக்கல பாஸ்டர். நான் குடுத்தேன்."

அறையில் இதுவரை தெரியாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அக்கா சொல்லச் சொல்ல, கைகளைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துபோயிருந்தது.

தினமும் மூட்டையில் பினாயில் ஊற்றுவதற்கு முன்னால் அவள் இரண்டு பன்னோ, ஒரு ரொட்டியோ எடுத்துத் தனியே வைத்துவிடுவாள். பழைய காகிதத்தில் பொட்டலமாகச் சுற்றி, ஊற்றி முடித்த பிறகு மூட்டைமேல் வைப்பாள். தொப்பிக்காரருக்கு அது தெரியும். தொட்டிக்குள் கைவிட மாட்டார், மேலே இருக்கிற பொட்டலத்தை மட்டும் எடுப்பார். முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்து வந்தது. வியாழக்கிழமை பினாயில் தீர்ந்துபோயிருந்தது. தட்டுக் கழுவுகிற, தோலையும் அரிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு, வழக்கம்போலப் பொட்டலத்தை மேலே வைத்தாள்.

"நனைஞ்ச ரொட்டி மேல வெச்சிருக்கேன். அடியில இருந்து ஊறி ஏறியிருக்கு. பினாயில்னா நாத்தம் அடிச்சிருக்கும், கறை தெரிஞ்சிருக்கும், தூக்கி எறிஞ்சிருப்பாரு. இதுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. ஈரமா இருக்குன்னு மட்டும் நினைச்சிருப்பாரு. என் பொட்டலம்னு நம்பித் தின்னுட்டாரு."

சொல்லி முடித்து, அவள் முதல்முறையாக முதலாளியைப் பார்த்தாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. எதையோ எடுத்து நீட்டுகிறவள் பார்ப்பதுபோல இருந்தது. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் நானே வைத்துக்கொள்கிறேன் என்பதுபோல.

ஏனென்றால் அவள் இடையில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொன்னாள். அது முதலாளிக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அப்போ கதை இன்னும் நேரா வந்துடுச்சு" என்றான் மகன். ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கியேவிட்டான். "கடை விதியை மீறி இவங்களா எடுத்துக் குடுத்திருக்காங்க. நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா, நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன்."

முதலாளி அந்த மதியம் அதுவரை வாயே திறக்கவில்லை. இரண்டு நாளாகத் தூங்காத கண். விரிப்பில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தவர், போதகர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வாசிக்க வேண்டிய பாடம் என்ன பாஸ்டர்?"

போதகர் தயங்கினார். "உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். நீங்க சொல்லுங்க."

"பணக்காரன், அவன் வாசல்ல கிடந்த ஏழை. அந்தப் பகுதி."

"பாத்து நாளைக்கா வரணும் அது?" என்றான் மகன். "வேற எதையாச்சும் வாசிச்சா என்னவாம்?"

"வருஷ ஆரம்பத்துலயே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க தம்பி. எல்லா ஊர்லயும் நாளைக்கு அதான்."

முதலாளி கேட்டார். "அந்தப் பணக்காரன் என்ன தப்புப் பண்ணான்?"

"ஐயா, இப்போ எதுக்கு…"

"இல்ல, எத்தனையோ தடவை நான் வாசிச்சிருக்கேன். நல்லா நிறுத்தி நிதானமா வாசிக்கறேன்னு எல்லாரும் சொல்வாங்க. இந்த ரெண்டு நாளாத்தான் யோசிக்கறேன். அவன் அந்த ஏழைய அடிச்சானா? திட்டுனானா? ஆள் விட்டு விரட்டுனானா? ஒண்ணுமில்ல. வாசல்லயே கிடக்கட்டும்னு விட்டுட்டான். மேசையில இருந்து விழுந்தத அந்த ஏழை தின்ன ஆசைப்பட்டான், எடுக்காதேன்னு யாரும் தடுக்கல. அதுக்கே அவன் நெருப்புல கிடந்தான். விழுந்ததுல பினாயில் ஊத்தணும்னு அவனுக்குத் தோணல பாருங்க. எனக்குத் தோணிச்சு. தாள்ல எழுதி ஒட்டவும் தோணிச்சு."

"என்னங்க…" என்று டீச்சர் அவர் கைமேல் கைவைத்தார்.

"அந்தப் பாடத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் வருதே. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாதுன்னு. அந்தப் பள்ளத்தை எப்போ வெட்டறாங்க பாஸ்டர்? செத்ததுக்கு அப்புறமா? இல்ல, இங்க இருக்கும்போதே வெட்டியாச்சா?"

போதகருக்கு இதற்கு ஒரு நல்ல பதில் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்ல எழுதி வைத்த பிரசங்கத்தில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு பத்தி இருந்தது. அதை இந்த அறையில் எடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

"தெரியலைங்க ஐயா" என்றார்.

"தெரியலைன்னா எப்படி? நீங்க பாஸ்டர்."

"படிச்சது தெரியும். உங்ககிட்டச் சொல்றதுக்குத் தெரியல."

அந்த நேரத்தில்தான் போதகரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் தொப்பிக்காரருக்குத் துணையாக இருந்தது போதகரின் மனைவி. எல்லாரும் கேட்கட்டும் என்று போதகர் போனை மேசைமேல் வைத்தார். அந்தப் பெண் தணிந்த குரலில் பேசினாள். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"முழிச்சிட்டாரு. ஆனா பேச முடியல."

"நல்லது. நல்லதுதானே?" என்றார் டீச்சர் போனை நோக்கிக் குனிந்து. "பிழைச்சிடுவார்ல?"

"டாக்டர் எதுவும் சொல்லலைங்க அம்மா. அவரு தண்ணி கேக்கறாரு. கையால காட்டிக் காட்டிக் கேக்கறாரு. எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. உள்ள இறங்குனா இன்னும் மோசமாயிடுமாம். நாக்குல ஒரு சொட்டுக்கூட விடக் கூடாதாம். பஞ்ச நனைச்சு உதட்டுல மட்டும் ஒத்தி எடுக்கறேன். அந்தப் பஞ்சப் பல்லால பிடிச்சுக்கறாருங்க. விட மாட்டேங்கறாரு. எனக்குப் பாக்க முடியல."

போதகர் ஏதோ ஆறுதல் சொல்லி போனை அணைத்தார். அடுப்புக்குள் அப்பம் வேகிற வாசனை பரவத் தொடங்கியிருந்தது. அது இந்த நேரத்தில் யாருக்கும் வேண்டாத வாசனையாக இருந்தது.

டீச்சர்தான் முதலில் அதை உணர்ந்தார். நாக்கைக் குளிரப்பண்ண ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டவன் எவன் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைக் கேட்கிறவர் அவர். எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொன்னதில்லை. பாடத்தில் கேட்டவன் நெருப்பில் கிடந்த பணக்காரன்; இங்கே கேட்கிறவர் மாறிப் போயிருந்தார். டீச்சர் கணவரின் கைமேல் வைத்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது.

"நான்தான் சொன்னேன்."

"அப்பா."

"இரு. வியாழக்கிழமை இவ என்கிட்ட வந்து கேட்டா. பினாயில் தீர்ந்துபோச்சு, இன்னைக்கு என்ன பண்ணட்டும்னு. நான் கல்யாண கேக் ஆர்டர் பேசிக்கிட்டு இருந்தேன். போனைக்கூடக் கீழ இறக்கல. இருக்கறத ஊத்துன்னு சொன்னேன். தட்டுக் கழுவற தண்ணிதான் இருக்குன்னா. ஊத்துன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏம்மா நீங்க இதைச் சொல்லல?" என்று கேட்டார் போதகர்.

"அவரு சொல்லணும்ல" என்றாள் அக்கா.

மகன் பின்கதவைச் சாத்தினான். பிறகு முன்பக்கம் போகிற கதவையும். "சரி. சொல்லியாச்சு. இந்த அறையோட இருக்கட்டும். பாஸ்டர், உங்ககிட்டச் சொன்னது பாவஅறிக்கை மாதிரி. வெளியே போகாதுல்ல?"

"என்கிட்ட மட்டும் சொல்லலையே தம்பி" என்றார் போதகர். "அக்காகிட்டயும்தான் சொன்னார்."

"முதலாளி" என்றார் மாஸ்டர். இந்த முறை திரும்பி உட்கார்ந்திருந்தார். வியர்வை சொட்டும் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. "இன்னொண்ணு இருக்கு. இந்த வாரம் பினாயில் வண்டி நமக்கு வரல. ஒரே வண்டிதான் சின்னவர் கடைக்கும் போறது. அங்கயும் தீர்ந்துதான் இருக்கும். அங்கயும் உங்க தாள்தான் ஒட்டியிருக்கு."

சின்னவர் என்றால் முதலாளியின் தம்பி. முதலாளி போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார், அகப்படவில்லை. டீச்சர் தன் போனில் போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிற வரையில் முதலாளி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"என்ன அண்ணே, அதிசயமா?" சின்னவரின் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம்.

முதலாளி நடந்ததைச் சொன்னார். தன்னால் நடந்தது என்பதையும் சொன்னார். சின்னவர் இடையில் ஒரு "அடடா" போட்டார்.

"உன் கடைல இப்போ எதை ஊத்தறாங்க?"

"அதைப் போய் நான் நின்னு பாத்துக்கிட்டா இருக்கேன்? பினாயிலா இருக்கும். சரி, காஸ்டிக் வேண்டாம்னு சொல்லிடறேன். நாத்தம் அடிக்கறதாப் பாத்து ஊத்தச் சொல்றேன், போதுமா?"

"எதையும் ஊத்தாத. அதையே நிறுத்து."

சின்னவர் சிரித்தார். "நிறுத்திட்டு? நீங்க எழுதிக் குடுத்ததுதானே அண்ணே. இன்னைக்குப் பயத்துல நிறுத்துன்னு சொல்வீங்க. அந்த ஆளு எழுந்து உக்காந்துட்டா, அடுத்த வாரம் ஊத்துன்னு சொல்வீங்க. பாகம் பிரிக்கும்போது வாயால சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, எழுத்துல வந்ததும் ஞாபகம் இருக்கு. உங்க பேச்சு வேற, உங்க எழுத்து வேற. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வந்தா அந்தத் தாளக் கிழிச்சிட்டு இதை ஒட்டறேன். பையன் செல்லுல அனுப்பற படமெல்லாம் வேண்டாம்." போன் நின்றது.

முதலாளி மேசைமேல் கிடந்த பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்தார். மகன் அதன்மேல் உள்ளங்கையை ஊன்றினான்.

"அப்பா. நான் சொல்றதக் கேளுங்க. வாயால சொன்னத நாளைக்கு வேற மாதிரி சொல்லிக்கலாம். எழுத்துல குடுத்தா முடியாது. சித்தப்பாவுக்கு நம்ம மேல என்ன பாசம் வழியுது? அதை எடுத்துட்டுப் போய் எங்க வேணா காட்டுவார். ஊத்தாதன்னு மட்டும் எழுதுங்க. ஏன் எதுக்குன்னு எழுதாதீங்க."

"ஏன்னு எழுதலைன்னா நிறுத்துவானா அவன்?"

"நிறுத்தலைன்னா அது அவர் பாடு."

"நீ கையெடு."

"கடை போயிடும்பா." மகனின் குரல் உடைந்தது. அதுவரை வக்கீல் மாதிரி பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று சின்னப் பிள்ளையாகிவிட்டான். "உங்களக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா என்ன பண்ணும்? நான் என்ன பண்ணுவேன்?"

முதலாளிக்கும் அதே பயம்தான். டீச்சர்தான் மகனின் மணிக்கட்டைப் பிடித்து, தாளின் மேலிருந்து கையை எடுத்தார். எதுவும் சொல்லாமல், பிள்ளையின் நோட்டின் மேலிருந்து எடுப்பதுபோல எடுத்தார்.

முதலாளி எழுதினார். அடித்தார். இன்னொரு தாள் கிழித்தார். மறுபடி எழுதினார். கடைசியில் எழுதியதை அக்காவிடம் நீட்டி, "படிச்சுப் பாரு. தப்பு இருந்தாச் சொல்லு" என்றார்.

அவள் கையை மறுபடி துடைத்துக்கொண்டு வாங்கினாள். மெதுவாக, உதடு அசையப் படித்தாள்.

"இங்க, 'என் சொல்லின்படி வேலைசெய்த பெண் ஊற்றினாள்'னு இருக்கு."

"ஆமா. உன்மேல வரக் கூடாதுன்னுதான்…"

"வரட்டும். ஊத்துனது நான்தான். பொட்டலம் வெச்சதும் நான்தான், அதையும் எழுதுங்க. இல்லைன்னா அவரு தொட்டியக் கிண்டித் தின்னாருன்னு ஆயிடும். அவரு அப்படிப்பட்டவரில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் கேட்டேன்னும் எழுதுங்க. என்ன பண்ணட்டும்னு கேட்டுட்டுத்தான் ஊத்துனேன்."

முதலாளி அவள் சொன்ன இடத்தில் அவள் சொன்னதை எழுதினார்.

"அப்புறம் மீந்தத என்ன பண்றதாம்?" என்றார் மாஸ்டர். "அதை எழுதலைன்னா சின்னவர் உங்க கடுதாசிய மடிச்சு அலமாரிக்கடியில முட்டுக் குடுத்துடுவாரு. கூட்டம் வரும்ல. வந்தா என்ன பண்ணணும்?"

இதற்குத்தான் நேரம் பிடித்தது. போதகர் சபையில் ஒரு இடம் ஒதுக்கலாம் என்றார். டீச்சர் கூடை கட்டலாம் என்றார். யார் வந்து எடுப்பது, எந்தக் கிழமை என்று பேச்சு நீளத் தொடங்கியது. முதலாளி தலையசைத்தார், ஆனால் எழுதவில்லை. எழுந்து போய், கழுவு தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த பழைய தாளைப் பார்த்தபடி நின்றார். நீராவி பட்டு அது சுவரோடு சுவராகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினார், துண்டு துண்டாகத்தான் வந்தது. வராத இடத்தில் ஈரத்துணியை வைத்துத் தேய்த்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதி முடித்தார். அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

'அன்புள்ள தம்பிக்கு,

மீந்த ரொட்டியில் பினாயில் ஊற்று என்று நான் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடு. வியாழக்கிழமை பினாயில் இல்லை, என்ன செய்யட்டும் என்று கேட்ட பெண்ணிடம், இருப்பதை ஊற்று என்று நான் சொன்னேன். அவள் ஊற்றினாள். பசித்த ஒருவருக்காக அவள் சுற்றி மேலே வைத்த ரொட்டியில் அது ஊறி, அவர் அதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பாரா என்று தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார், கொடுக்க முடியவில்லை. இது என்னால் நடந்தது. போலீஸாரிடமும் இப்படியே சொல்லப் போகிறேன்.

இனி மீந்ததை முன்கதவில் வைத்து நீயே உன் கையால் கொடு. ஆளை விட்டுக் கொடுக்காதே. கொடுக்கும்போது முகத்தைப் பார். கூட்டம் வரும், வியாபாரம் குறையும், எனக்குத் தெரியும். குறையட்டும். செத்த பிறகு உனக்குச் சொல்லி அனுப்ப முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

உன் அண்ணன்.'

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மாஸ்டர் மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்த பசையால் உறையை ஒட்டினார். ஓரத்தில் பிதுங்கியதை விரலால் வழித்துவிட்டு, ஊதிக் காயவைத்தார்.

"நாளைக்கு நான் வாசிக்கல பாஸ்டர்" என்றார்.

போதகர் அவரைத் தடுக்கவில்லை. "சரிங்க ஐயா" என்றார். அந்தச் சரி முதலாளிக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் போதகர் மாஸ்டர் பக்கம் திரும்பி, "வெந்திடுச்சுன்னா துணியில சுத்திக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

தபாலாபீஸ் மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது. அக்கா வழக்கம்போல உறைக்காகக் கையை நீட்டினாள். கடைத் தபாலெல்லாம் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். முதலாளி உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். நடந்தே போய்விடுகிறேன் என்றார். போனால் மூடியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வெளியே வண்டி உறுமியது. மகன் வண்டியில் உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க" என்றான். "எனக்கு இதுல இஷ்டமில்ல. ஏறுங்க, மூடிடுவாங்க."

வழியெல்லாம் முதலாளி ஒரு கையால் மகனின் தோளையும் மறு கையால் சட்டைக்குள் இருந்த உறையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

தபாலாபீஸில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் ஒரு சலிப்போடு கயிற்றைத் தளர்த்தி, எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தினார். இரண்டு குத்து. உறை சாக்குக்குள் விழுந்தது.

முதலாளி ஜன்னல் கம்பியை விடவில்லை. "இதுக்கு மேல திரும்ப எடுக்க முடியுமா?"

உள்ளே இருந்தவர் கயிற்றோடு நிமிர்ந்து பார்த்தார். "ஏன், எடுக்கணுமா? இன்னும் கட்டல. சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

மகன் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. அவன் மூச்சு கேட்டது.

"வேண்டாம்" என்றார் முதலாளி. "கட்டுங்க."